வளையங்களின் நடுவே ஒரு வகிடு

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நலம்தானே. இந்த ஒரு வரியை எழுதினால்தான் எனக்குப் பேனா நகரும், அதனால் எழுதிவிட்டேன், எங்கள் நலத்தில் எவ்வளவு நிஜம் என்று முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். கையில் போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், இந்த இரண்டு அறை வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் அவர் காதில் விழுகிறது, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினேன், வெளியே வந்ததும் நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார். காது அவ்வளவு கூர்மையாகிவிட்டது. கடிதம் என்றால் அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதலாம். இப்போது அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், சாப்பாட்டு மேசையில் அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் அந்தச் சனியன் பிடித்த மெஷின். நான் என்ன எழுதுகிறேன் என்று அவரால் பார்க்க முடியாது பாப்பா. சொல்ல வந்த விஷயமே அதுதான்.

நான் அனுப்பிய மெஷின் போட்டோவைப் பார்த்துவிட்டு நீ ஒரு கேள்வி கேட்டாயே, அழகா இருக்கும்மா, நடுவுல மட்டும் ஏன் வகிடு எடுத்த மாதிரி இருக்கு என்று. அதற்கப்புறம் நீ கூப்பிட்டபோதெல்லாம் அப்பா குளிக்கிறார், தூங்குகிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். எல்லாம் பொய். எங்களுக்குள் சண்டை என்று நினைத்து நீ மாப்பிள்ளையிடம் புலம்பியிருப்பாய், சண்டை எதுவும் இல்லை, சண்டை போடுகிற தெம்பு இரண்டு பேருக்குமே இல்லை. முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும், போனில் அவர் சொல்லும்போது நீ ம்ம் ம்ம் என்று கேட்டதில் பாதி உனக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரியும்.

உன் அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏதோ ஒரு பெரிய ஆபீஸில் லிஃப்ட் நின்றுபோய், மேல்மாடியில் கம்ப்யூட்டர் அறையில் இருந்த ஆபரேட்டர் இவருக்கு ஒரு தட்டைக் காட்டினாராம். மாவு சலிக்கிற சல்லடை மாதிரிக் கம்பிகள், கம்பிகள் வெட்டிக்கொள்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு குட்டிக் கறுப்பு வளையம், இதுதான் அந்தக் கம்ப்யூட்டரின் மெமரி என்றாராம். கரண்டை நிறுத்தினாலும் மறக்காது என்றாராம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் ரிட்டயர் ஆகும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. அதே மாதிரி ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை வீட்டிலேயே செய்யப்போகிறேன் என்று, பழைய லிஃப்டுகளைக் கழற்றிப்போட்ட இடத்திலிருந்து ரிலேக்களை, அந்தக் கரண்ட் சுவிட்சுகளை, கொண்டுவந்து குவித்தார், சரி, சும்மா வீட்டில் இருக்கிற மனுஷன், ஏதாவது செய்துகொண்டு போகட்டும் என்று நானும் விட்டேன். நீ என்ன செய்தாய், அவர் பிறந்தநாளுக்குத் தேடிப்பிடித்து அந்த வளையங்களை ஒரு பொட்டலம் வாங்கி அனுப்பினாய். அனுப்பிவிட்டு நீ பாட்டுக்கு நிம்மதியாக இருக்கிறாய், இங்கே சாப்பாட்டு மேசை போனது போனதுதான், நாங்கள் இப்போது மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

அந்த வளையத்தைப் பற்றி எனக்கு இப்போது அத்துப்படி. எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு, நடுவில் ஓட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆமாம் அல்லது ஒரு இல்லை, அவ்வளவுதான் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியும். நெடுக்கே ஒரு கம்பி, குறுக்கே ஒரு கம்பி, பிறகு எல்லா வளையத்தின் ஊடேயும் புகுந்து புகுந்து போகிற மூன்றாவது கம்பி ஒன்று, வளையம் என்ன சொல்கிறது என்று அதுதான் கேட்டுச் சொல்லும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு வளையத்தைக் கேட்டவுடனே அது தன் ஞாபகத்தைத் தொலைத்துவிடும், கேட்ட கையோடு திரும்ப எழுதிவைக்க வேண்டும். இது என்ன மெமரி, உங்க குடும்பத்து ஆளுங்க மாதிரி இருக்கே என்று நான் கேட்டேன், அவர் சிரிக்கவில்லை.

கோப்பதற்கு உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே, கை நடுங்குது, நீ கோத்துக் குடு, நான் சரிபாக்கறேன் என்றார். கை என்றுதான் சொன்னார். காலையில் பல் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்கள் எல்லாருடைய வலியையும் கேட்டு டோக்கன் கொடுத்துவிட்டு, மத்தியானம் வந்து சமைத்துச் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு, இந்த மேசைக்கு உட்காருவேன். எங்கள் பல் டாக்டர் தன் பழைய தலைக்கண்ணாடியை, அந்தப் பூதக்கண்ணாடி வைத்த பட்டையை, எனக்குக் கொடுத்துவிட்டார். அதை மாட்டிக்கொண்டு தலைமுடியை விடக் கொஞ்சம் தடித்த கம்பியை வளையத்துக்குள் விட்டு விட்டு எடுக்க வேண்டும். ஒரு கம்பியில் வளையங்கள் ஒன்று இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலப்பக்கம் சாய வேண்டும், அடுத்த கம்பியிலும் அதே மாதிரி, சாய்வு மாறினால் அந்த மூன்றாவது கம்பியில் இரைச்சல் சேர்ந்து எதுவும் கேட்காதாம். ஒவ்வொரு கம்பி முடிந்ததும் கம்பிகள் கட்டிய சட்டத்தை அவர் பக்கம் தள்ளுவேன், மேசை விளக்கோடு சேர்ந்த அந்தப் பெரிய லென்ஸை இழுத்து வைத்துக்கொண்டு, முகத்தைக் குனிந்து, மேலிருந்து கீழே வந்து, சரி, அடுத்தது என்பார். கழுத்து போய்விட்டது எனக்கு. தூங்க முயன்றால் கண்ணுக்குள் வளையம்.

கண் டாக்டர் போன வருஷமே சொன்னதுதான் உனக்கும் தெரியும், இரண்டு கண்ணிலும் புரை, தள்ளிப்போட்டால் இறுகிவிடும், பிறகு எடுப்பது கஷ்டம் என்று. நீயும் போனில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டாய், உனக்கும் அதே பதில் எனக்கும் அதே பதில், மெமரி முடியட்டும், அப்புறம் பாக்கலாம். பயம் என்று அவர் வாயால் சொல்லமாட்டார். உன் பெரியப்பா ஆபரேஷனுக்கு நடந்து போய், கட்டைப் பிரித்தபோது அந்தக் கண்ணில் வெளிச்சம் இல்லாமல் திரும்பி வந்ததை இவர்தான் பக்கத்தில் நின்று பார்த்தார். அண்ணன் கையைப் பிடித்து லிஃப்டுக்குள் கூட்டிப்போனபோது எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்று தனக்கே மறந்துபோச்சு என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பார்வை எவ்வளவு போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று நீ கேட்கலாம். கூடவே இருந்தால் தெரியாது பாப்பா. பேப்பரை நீ படி, நீ படிச்சா கேக்க நல்லாயிருக்கு என்றார், நான் அதற்கு வெட்கப்பட்டேன், இந்த வயசில். டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினார், கவனம் எல்லாம் மெஷினில் என்று திட்டினேன். பாதி வளையம் கோத்ததும் அதை மட்டும் மெஷினில் சேர்த்துப் பார்த்தோம், அப்போது நீயும் போனில் இருந்தாய். பழைய லிஃப்டில் மாடி நம்பர் எரியுமே, அந்தப் பித்தளைப் பட்டையைத்தான் பதில் காட்டுவதற்கு வைத்திருக்கிறார். முதல் முதலாக எதை ஞாபகம் வைக்கச் சொல்வது என்று யோசிக்கவே இல்லை, பதினாலு என்றார், பாப்பா வீடு பதினாலாவது மாடி என்றார். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மறுநாள் காலையில் போட்டால் பதினாலு அப்படியே எரிந்தது. அன்றிலிருந்து தினமும் எழுந்ததும் பல்கூட விளக்காமல் அதைத்தான் போடுவார், போட்டுவிட்டு அந்த பல்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்பார். ஆசையாய்த் தடவுகிறார் என்று நினைத்தேன். சூடு ஏறுகிறதா என்று பார்த்திருக்கிறார்.

இதற்கு நடுவில் மேல்வீட்டுப் பாட்டு டீச்சர் குளியலறைக் குழாய் உடைந்து எங்கள் கூரையில் ஊறி, சரியாக நான் உட்காரும் இடத்தில் சொட்ட ஆரம்பித்தது. டீச்சரிடம் சொன்னால், அந்த அம்மா ராகம் இழுப்பது போலவே பேச்சையும் இழுக்கும், குழாய்க்காரர் வருவார் வருவார் என்று ஒரு மாதம் போனது. சொட்டு விழுந்த அன்றைக்கு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டேன், விளக்கின் ப்ளக்கையும் பிடுங்கினேன், மேசையைத் திருப்பிப் போட்டு, துடைத்து, திரும்ப எல்லாவற்றையும் எடுத்துவைத்தேன். சட்டம் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும். நான் அதைக் குப்புற வைத்துவிட்டேன். எப்படிக் கோக்க வேண்டும் என்று அவர் முதலில் போட்டுக் கொடுத்த படத்தைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன், கைக்கே மனப்பாடம், எனவே கை தன் வழக்கப்படி இடப்பக்கம் வலப்பக்கம் என்று மிச்சப் பாதியையும் கோத்து முடித்தது. மறுபக்கமாக வைத்துக் கோத்தால் சாய்வு எல்லாம் மாறித்தானே விழும். ஒவ்வொரு கம்பியாக அவர் பக்கம் தள்ளினேன். ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துவிட்டு, சரி, அடுத்தது என்றார்.

முழுசும் முடிந்து மெஷினில் சேர்த்தபோது பதினாலு எரியவில்லை. மூன்று எரிந்தது, அணைந்தது, பிறகு எல்லா மாடியும் ஒன்றாக எரிந்தது. ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்றார், ரிலே ஒட்டிக்கொண்டது என்றார், என்னை வைத்து ஒவ்வொரு முனையாகத் திரும்பப் பற்றவைக்கச் சொன்னார். நாள் முழுக்க அந்த பல்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சரியாகச் சாப்பிடவும் மாட்டார். வெறுத்துப்போய்த்தான் உனக்கு அந்த போட்டோவை அனுப்பினேன், அழகாக இருக்கிறது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று.

உன் பதில் வந்தபோது நான் கிளினிக்கில் இருந்தேன், ஒரு பெரியவர் பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரசீது கேட்டுக்கொண்டிருந்தார். வகிடு என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு போட்டோவைத் திறந்து பார்த்தேன். லென்ஸ் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அந்தச் சின்ன போனிலேயே தெரிகிறது. நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் இப்படி, அந்தப் பக்கம் அப்படி, எண்ணெய் தடவி வாரிய தலை மாதிரி. எனக்கு முதலில் என் முட்டாள்தனத்தை நினைத்துத்தான் ஆத்திரம் வந்தது. மறுநிமிஷம்தான் இன்னொன்று உறைத்தது, நான் தலையைக் குனிந்து ஒவ்வொரு வளையமாகப் பார்க்கிறவள், எனக்கு முழுசும் தெரியாது, ஆனால் அவர் ஒவ்வொரு கம்பியையும் பார்த்தாரே. உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கதவைத் திறந்தபோது அவர் மேசையில் உட்கார்ந்து லென்ஸை வைத்துச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லென்ஸ் விளக்கு எரியவில்லை. சொட்டு விழுந்த அன்றைக்கு நான் பிடுங்கிய ப்ளக் பிடுங்கியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. தலைக்கண்ணாடியில் தனி விளக்கு இருப்பதால் எனக்கு அது தேவைப்படவே இல்லை, அவர் இத்தனை நாளாக எரியாத விளக்கின் கீழே முகத்தை வைத்துக்கொண்டு சரி, அடுத்தது என்று சொல்லியிருக்கிறார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் ப்ளக்கைச் சொருகினேன். வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது, அவர் அசையவே இல்லை. வரிசை எல்லாம் சரியா இருக்கா என்று கேட்டேன். சரியாத்தான் இருக்கு, தப்பு வேற எங்கியோ என்றார். எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

சட்டத்தை நான் குப்புற வெச்சுக் கோத்துட்டேன், பாதியிலிருந்து எல்லாமே தப்பு, போன்ல பாத்த பாப்பாவுக்கே தெரியுது என்றேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், ஒரு ஸ்குரூ மாறினாலே வீட்டை இரண்டாக்குகிறவர். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். லென்ஸை மெதுவாகத் தள்ளி வைத்தார், கையால் துழாவி என் கை இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தார். "ரொம்ப நாளா எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். "நீ கோத்தா சரியாத்தான் இருக்கும்னு சரி சரின்னு சொல்லிட்டேன்." அவ்வளவுதான் பேசினார். அதற்கப்புறம் கட்டிலில் போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், உன் போனுக்கும் வரவில்லை, மெஷின் பக்கமும் வரவில்லை. வேஷம் கலைந்தபின் மகளிடம் எந்தக் குரலில் பேசுவது என்று தெரியவில்லை அவருக்கு.

நான் அவரைத் தனியாக விட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போக வேண்டியிருந்தது, போகும்போது அடுப்பு கேஸை மூடிவிட்டுப் போனேன், அதை அவர் உணர்ந்தார் என்று நினைக்கிறேன், அதுதான் அவரைக் குத்தியிருக்கும். ஒருநாள் நான் வந்தபோது சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டனை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போலாம் என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை, பட்டனை மட்டும் சரிசெய்தேன். கண் டாக்டர் சின்னப் பெண், பெரியவர்களைக் குழந்தைகளை அதட்டுவது போல அதட்டுகிறது. ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்றதற்கு இவர், மெமரி இன்னும் சரியாகல, அதான் என்றார். அந்தப் பெண் பயந்துபோய் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க, பக்கத்துல இருக்கிறது யாரு என்று கேட்க ஆரம்பித்தது. கிழமையைச் சரியாகச் சொன்னார், பக்கத்தில் இருக்கிறது யார் என்றதற்கு, தப்பாக் கோக்கறவங்க என்றார். நான் சிரித்தேன், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அந்தப் பெண்ணுக்கு இரண்டு பேரையுமே அட்மிட் பண்ணிவிடலாமா என்று தோன்றியிருக்கும்.

புரை நன்றாக இறுகிவிட்டதாம். செய்யலாம், ஆனால் லேசில்லை, ஒரு கண்ணை முதலில் செய்து பார்த்துவிட்டு இன்னொன்று என்கிறார்கள். அடுத்த மாத ஆரம்பத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அங்கே போய்வந்த பிறகுதான் மறுபடி மேசைக்கு வந்து உட்காருகிறார். உனக்கு லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம், சின்னவனை யாரிடம் விடுவாய், எல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் நீ வரட்டுமா என்று கேட்கும்போது, வேண்டாம் நாங்க பாத்துக்குறோம் என்று சொல்லி எனக்குப் பழகிவிட்டது. இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை. அலுத்துப்போய்விட்டேன் பாப்பா. கட்டைப் பிரிக்கும்போது நான் மட்டும் தனியாக அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. முடிந்தால் வா. வந்தால் அவரிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்காதே, நான் ஏன் கவனிக்கவில்லை என்று என்னையும் கேட்காதே, எங்களை நாங்களே கேட்டு முடித்துவிட்டோம். போன் செய்தால் மெஷினைப் பற்றிக் கேள், அதற்கு மட்டும் பதில் சொல்வார்.

இந்த இடத்தில் எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்தவேண்டி வந்தது. கிளினிக் கணக்கு என்று சொல்லித்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் இவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டு, கணக்குன்னா நடுநடுவுல நிக்கும், இது நிக்கவே இல்லையே, பாப்பாவுக்குத்தானே எழுதற என்றார். ஆமாம் என்றேன். வரச் சொல்லியிருக்கியா என்றார். ஆமாம் என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நான் பேச்சை மாற்றுவதற்காக, ஆபரேஷனுக்குள் அந்தத் தப்புப் பாதியை அவிழ்த்துத் திரும்பக் கோத்து வைத்துவிடுகிறேன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பதினாலு எரியும் என்று சொல்லிக் கம்பி வெட்டுகிற கட்டரைக் கையில் எடுத்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் சட்டத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துவிட்டார்.

"அவுக்காத" என்றார். "அப்படியே இருக்கட்டும். கண்ணு தெறந்ததும் முதல்ல நீ எடுத்த வகிட்டத்தான் நான் பாக்கணும்."

கட்டரைக் கீழே வைத்துவிட்டேன். அவர் கை இன்னும் அதன்மேல்தான் இருக்கிறது.

நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், சின்னவன் நன்றாக வளரட்டும், மாப்பிள்ளை முதுகுவலியைச் சாக்குச் சொல்லாமல் நடக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு. நீயும் வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டிக்கொள், உனக்கு அவர் வம்சத்துக் கண். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே, எங்கள் வளையம் மாதிரிதான், படித்த கையோடு திருப்பி எழுத வேண்டும்.

இப்படிக்கு உன் மேல் உயிராக இருக்கும்
அம்மா

பின்குறிப்பு: நானும் கையெழுத்துப் போடறேன் என்று அப்பா பேனாவை வாங்கினார். போட்டது என் கையெழுத்தின் மேலேயே விழுந்துவிட்டது. வேறு தாளில் எழுதிவிடலாமா என்று கேட்டேன், எதுக்கு, பாப்பா பிரிச்சுப் படிச்சுக்குவா என்றார்.